சேனாபதி மட்டும் வந்தால் போதுமா?

'இந்தியன் 2' வந்தது 2024 ஜூலையில். ஆறிப்போன கஞ்சியை இப்போ எதுக்கு ஓய் சூடு பண்றீர் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு வீட்டு விருந்தில் நண்பர் ஒருவர் "தாத்தாவுக்கு வயசாயிட்டு, அதான் படம் எடுபடல" என்று தீர்ப்பு எழுத, கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. 1996லேயே அவர் தாத்தாதானே ஐயா! அப்போது மட்டும் எப்படி ஓடியது?

நான் சொல்வது வேறு. தாத்தா அப்படியேதான் இருக்கிறார். அவரைச் சுற்றி இருந்த ஆட்களைத்தான் காணோம்.

முதல் படத்தை யோசித்துப் பாருங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் புரோக்கராகச் சந்துரு. கூடவே கவுண்டமணி. உள்ளே ஆபீஸில் செந்தில். தீக்காயத்தோடு கிடக்கும் மகள் கஸ்தூரி, காசு வராமல் கையைத் தொடாத டாக்டர், அங்கேயும் கையை நீட்டும் போலீஸ், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும் சுகன்யா. இவர்கள் யாரும் ஹீரோவைப் புகழ வந்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பயம், ஆளுக்கொரு விலை. நான் இருபது வருஷத்துக்கு மேல் வங்கிக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். லஞ்சம் என்பது மேஜை உயரத்தில் நடக்கிற சமாச்சாரம். ஃபைல் நகராது, கையெழுத்து விழாது, வெளியே ஒருத்தர் "நான் பார்த்துக்கறேன் சார்" என்பார். அந்த உயரத்தில் கேமராவை வைத்ததால்தான், பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்த மகனை அப்பனே கொல்லும்போது நமக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டாம் பாகத்தில் கேமரா மாளிகைக்குப் போய்விட்டது. வில்லன்கள் கோடிகளில் குளிக்கிறார்கள். அவர்களுக்கு முகம் உண்டு, ஆள் இல்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் தனி வருத்தம் ஒன்று. வர்மம் எங்கள் பக்கத்துச் சொத்து. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பக்கமெல்லாம் ஆசான்மார் வீட்டில் எண்ணெய் வாசம் அடிக்கும்; கை பிசகினாலும் கழுத்து பிடித்தாலும் அங்கேதான் போவோம். இரண்டு விரலில் அடங்கும் வித்தை அது. முதல் படத்தில் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் பயமும் இருந்தது. இரண்டாவதில் அடி வாங்கியவன் ஆடுகிற ஆட்டம் திருவிழா சர்க்கஸ்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கதையின் முடிச்சு நல்ல முடிச்சு. 'முதலில் உன் வீட்டைச் சுத்தம் பண்ணு' என்கிறார் சேனாபதி. சித்தார்த்தும் நண்பர்களும் சொந்த வீட்டிலேயே துப்பறியப் போகிறார்கள். சமுத்திரக்கனி அப்பா; லஞ்ச ஒழிப்புத் துறையிலேயே வேலை, அவரே கறை படிந்தவர். அடடா, இந்த ஒரு வீட்டை வைத்தே மூணு மணி நேரம் ஓட்டலாமே! அந்த அம்மா என்ன நினைத்தாள், சோறு எங்கிருந்து வந்தது என்று மகனுக்கு எப்போது உறைத்தது... ஒன்றுக்கும் நேரம் இல்லை. மூணு மணி நேரப் படத்தில் நேரம் இல்லையாம். வெளியான பிறகு சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டினதாலே ஆள் முளைக்குமா?

நெடுமுடி வேணு விஷயம் இன்னும் மோசம். எங்கள் ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். 1956 நவம்பர் 1ல் நாலு தாலுகா அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை தாலுகாக்காரர்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். ரேஷன் கார்டு மலையாளம், வீட்டுப் பேச்சு தமிழ், சினிமா இரண்டும். அதனால் 'இந்தியன்' படத்தில் வேணு சேட்டன் சி.பி.ஐ. அதிகாரி கிருஷ்ணசாமியாக வந்தபோது, படம் பாதி எங்களுடையது என்று ஒரு கர்வம். வேட்டைக்காரனும் மனுஷன்தான் என்று காட்டிய வேஷம் அது. 2021 அக்டோபரில் அவர் போய்விட்டார். கணினியை வைத்து அவர் முகத்தைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். முகம் வந்தது; செய்ய ஒரு வேலை கொடுத்தார்களா? துணைப் பாத்திரத்தை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

"இரண்டாம் பாகம்னாலே அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜீத்து ஜோசப் 2021ல் 'த்ரிஷ்யம் 2' எடுத்தாரே. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அதிலும் மோகன்லால்தான் நட்சத்திரம். ஆனால் கதையை நகர்த்துவது யார்? பக்கத்து வீட்டுச் சண்டைக்காரத் தம்பதி, மஃப்டியில் இருக்கும் போலீஸ். ஜெயிலிலிருந்து வந்த ஜோஸ். அன்று ராத்திரி ஜார்ஜ்குட்டி காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவன். திரைக்கதை எழுத்தாளர் வினயசந்திரன், பிணவறைக் காவலாளி, ஊர்க்காரர்களின் பொறாமைப் பேச்சு. இதில் ஒருவரை உருவினாலும் மாளிகை சரியும். ஜார்ஜ்குட்டியின் மூளை பெரிசாகத் தெரிவதே, எதிரே நிற்பவர்களும் மூளையோடு இருப்பதால்தான். எங்கள் ஊரில் இதைத்தான் 'கொள்ளாம்' என்பார்கள்.

வீட்டில் பெரியவன் ஜப்பான் படக்கதைப் பைத்தியம். 'நருடோ'வுக்கு அடுத்து வந்த 'போருடோ'வைப் பற்றி அவனுக்கும் இதே புலம்பல்தான்: "கூட இருந்தவங்க எல்லாம் சும்மா நிக்கறாங்கப்பா." பதினைந்து வயசுப் பையனுக்குப் புரிகிறது. விருந்தில் தலையாட்டிய நாற்பது பேருக்குப் புரியவில்லை.

தப்பு நம்மேலும் உண்டு. ஐந்து மடங்கு விலை கொடுத்து, குழந்தை குட்டியோடு முதல் நாளே போய் உட்காருகிறோம். போஸ்டரில் ஒரு முகம் இருந்தால் போதும் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லிக்கொடுத்தது நம் பர்ஸ். மூன்றாம் பாகத்தையும் அறிவித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அது வந்தால், கூட நடிக்கிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேலை என்று விசாரித்த பிறகே இந்த வீட்டிலிருந்து டிக்கெட் காசு போகும், வீட்டுக்காரியிடமும் சொல்லியாகிவிட்டது.