குடல் அழற்சி அயல்நாட்டு நோயா?

குடல் அழற்சி நோய் மேலைநாட்டு வாழ்க்கைமுறையோடு வந்திறங்கியது, மண்ணின் உணவை உண்டு வாழ்ந்த முன்னோர்க்கு அது இருந்ததே இல்லை, இப்போது எவருக்கேனும் வந்திருந்தால் அதற்குப் பரோட்டாவே பொறுப்பு, வந்தபின் அதைத் தீர்க்க மூலிகையும் பழைய சோறும் போதும் என்னும் கருத்து தமிழகமெங்கும் வழங்கிவருகிறது. மூலிகைக்கும் அருவிக்கும் பெயர்பெற்ற குற்றாலத்திலும், எல்லைப் பரோட்டாவுக்குப் பெயர்பெற்ற செங்கோட்டைச் சாலையிலும் இக்கருத்துக்குச் சான்றுபோல் காட்ட ஏதேனும் ஒன்று கண்முன்னே இருப்பதால், தென்காசி வட்டாரத்தில் அது கூடுதல் வலுப் பெறுகிறது. ஒரே மூச்சில் சொல்லப்படும் இதனுள் தனித்தனியே சோதிக்கத்தக்க கூற்றுகள் பல உள்ளன. சில முழுப்பிழை, ஒன்றிரண்டு பாதி மெய்.

இங்கே பேசப்படும் நோய் ஓரிரு நாளில் ஓயும் வயிற்றுப்போக்கன்று. குடலுக்குள் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அடங்காமல் கிளர்ந்து, குடற்சுவரையே ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கிக்கொண்டிருக்கும் நிலை அது. மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்பரப்பில் பரவி, இரத்தமும் சீதமுமாக மலத்தைப் போகச் செய்யும் வகைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். வாய்முதல் ஆசனவாய்வரை எங்கும் தோன்றி, குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கி, அடைப்பையும் புரையையும் உண்டாக்கவல்ல வகை கிரோன் நோய் எனப்படும். முன்னதை லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859இலும், பின்னதை நியூயார்க்கில் பரில் கிரோனும் உடன் பணியாற்றிய இருவரும் 1932இலும் விவரித்தனர்.

விவரித்தவர்கள் மேலைநாட்டார் என்பதால் நோயும் அவர்களுடையதே என்று கொள்வது முதற்பிழை. லூதியானாவில் வீடுவீடாக நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2003இல் வெளிவந்தபோது, அங்கே ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உடையோர் என்று தெரியவந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இரு வகையும் சேர்த்து ஆயிரத்துக்கு மூவரைத் தாண்டிய விகிதத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான் என்றாலும், இந்தியாவின் மக்கள்தொகைக்கு இக்குறைந்த விகிதமே லட்சக்கணக்கான நோயாளிகளைக் குறிக்கும். தமிழருக்கு இன்னும் நெருக்கமான சான்று சிங்கப்பூரிலிருந்து வருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அங்குள்ள சீனரிடையே லட்சத்துக்கு 6, மலாய்க்காரரிடையே 7, இந்தியரிடையே 16 என்னும் அளவில் காணப்பட்டது; சிங்கப்பூர் இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர் என்பது தெரிந்ததே. மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கிலும் இந்திய வம்சாவளியினரிடமே குடல் அழற்சி நோய் மிகுதியாகக் கண்டறியப்பட்டது. நகர வாழ்க்கை மட்டுமே காரணமாயின், ஒரே ஊரில் ஒரே காற்றையும் நீரையும் பகிர்ந்து வாழும் மூன்று இனத்தாரிடமும் நோய் ஒத்த அளவில் இருந்திருக்க வேண்டும். மரபணு ஆய்வும் இதையே வேறொரு வழியில் சொல்கிறது: 2001இல் கிரோன் நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட நாட்2 என்னும் மரபணுவில் ஐரோப்பியரிடம் பரவலாகக் காணப்படும் மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் அரிதாகவே உள்ளன. நோய் இங்கும் உண்டு, அதன் மரபு வேர் வேறு என்பதே இதன் பொருள்.

முன்னோர்க்கு இருந்ததில்லை என்னும் இரண்டாம் கூற்று, கண்டறியப்படாததை இல்லாததாகக் கொள்கிறது. பெருங்குடலுக்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் கொலனாஸ்கோபி இல்லாத காலத்தில், மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம் அல்லது சீதபேதி, உடல் இளைத்து வயிறு வலித்தால் அது கிரகணி அல்லது குடல் டிபி. அப்பெயர்களுக்கு அடியில் எத்தனை பேருக்கு எந்த நோய் இருந்தது என்பதை இனி எவரும் பிரித்தறிய இயலாது. ஆனால், பழைய கிராமத்துக் குடல் குறையற்ற நலத்தோடு இருந்தது என்னும் படத்தைச் சோதித்துப் பார்க்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகள் உதவுகின்றன. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்னும் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. உண்ட உணவின் கொழுப்பும் வைட்டமின்களும் உடலில் சேராமல் கழிந்து, நாக்குப் புண்ணாகி, இரத்தம் குன்றி, மெலிந்து சாகும் நிலைவரை மக்களைத் தள்ளிய அதைச் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். இதனினும் வியப்பான செய்தி, நோயே இல்லாதவர்களின் சிறுகுடல் திசுவை எடுத்துப் பார்த்தபோது கிடைத்தது: உணவை உறிஞ்சும் விரல்போன்ற குடலுறிஞ்சிகள் மேலைநாட்டாருடையவற்றைவிடக் குட்டையாகவும், அழற்சி உயிரணுக்கள் மிகுந்தும் காணப்பட்டன. தூய்மையற்ற சூழலில் ஓயாது உட்புகும் கிருமிகளே இதற்குக் காரணம் என்று பின்னர் விளங்கிக்கொள்ளப்பட்டது. கம்பும் கேழ்வரகும் உண்ட தலைமுறையின் குடலும் ஓசையின்றி அழன்றுகொண்டுதான் இருந்தது.

குடல் டிபி பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இந்தியாவில் கிரோன் நோய் மறைந்து நிற்பது பெரும்பாலும் அதன் நிழலில்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே இரண்டும் விரும்பித் தாக்குகின்றன. வலி, காய்ச்சல், எடைக்குறைவு, அடைப்பு ஆகிய அறிகுறிகளும் பொதுவானவை. குடலின் குறுக்கே படரும் புண் டிபியையும், நீளவாட்டில் ஓடும் புண் கிரோனையும் சுட்டும் என்பது ஒரு வழிகாட்டி. கிரானுலோமா எனப்படும் அழற்சிக் கணுக்கள் டிபியில் பெரிதாக, ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கிரோனில் சிறிதாக, எண்ணிக்கையில் குறைந்து, சிதறிக் கிடக்கும் என்பதை வேலூரில் அன்னா புளிமூட் குழுவினர் 1999இல் திசு ஆய்வின் வழி நிறுவிக் காட்டினர். அவ்வளவுக்குப் பின்னும் பிரித்தறிய இயலாத நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு டிபி மருந்தை முதலில் கொடுத்துப் புண் ஆறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆறாதபோதும் அதையே நீட்டிப்பவர்க்குக் குடல் சுருங்கிக்கொண்டே போகும். மாறாக, டிபியைக் கிரோன் என்று கருதி ஸ்டீராய்டோ இன்ஃபிளிக்சிமாபோ கொடுத்துவிட்டால், நோயெதிர்ப்பு ஒடுங்கி டிபி உடலெங்கும் பரவும். கிரோன் நம் ஊர் நோயன்று என்னும் நம்பிக்கை இந்த இடத்தில் உயிரோடு விளையாடுகிறது.

பரோட்டாவின்மேல் சுமத்தத்தக்க குற்றங்கள் வேறு பல உண்டு. இக்குற்றம் அவற்றுள் சேராது. மைதா குடலில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும் என்பது உடலியல் அறியாத பேச்சு: அதன் மாவுச்சத்தும் புரதமும் செரிமான நொதிகளால் கரைக்கப்படுகின்றன, குடலின் உட்படலமோ சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. கோதுமைப் புரதமான குளூட்டனால் சிறுகுடல் அழலும் சீலியாக் நோய் மெய்யானதுதான். ஆனால் 2016இல் வெளியான பல மையக் கணக்கெடுப்பில் அது வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்னிந்தியாவில் 0.10 பேரிடமும் மட்டுமே காணப்பட்டது. 21 நாடுகளில் 1,16,087 பேரைப் பின்தொடர்ந்த, இந்தியாவும் இடம்பெற்ற பியூர் ஆய்வின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, குளிர்பானமும் பொட்டல நொறுக்குத்தீனியும் பதப்படுத்திய இறைச்சியும் போன்ற மிகைப்பதன உணவை மிகுதியாக உண்போர்க்குக் குடல் அழற்சி நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. மாவுச்சத்து உணவோடு அத்தகைய தொடர்பு எதுவும் தென்படவில்லை. செங்கோட்டையை அடுத்த பிரானூரில் கல்லிலிருந்து சுடச்சுட எடுத்த பரோட்டாவைப் பழிப்பவர், அதனோடு குடிக்கும் குளிர்பானத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

குற்றால அருவிநீர் குடல்நோயைத் தீர்க்கும் என்னும் பேச்சைப் பற்றி நீள விளக்குவதற்கு ஒன்றுமில்லை. மூலிகை வேர்களைத் தழுவி வருவதாகவே கொண்டாலும், வினாடிதோறும் கொட்டும் அவ்வளவு நீரில் கரைந்திருக்கக்கூடிய சத்து மிகமிகச் சொற்பம், தலையில் விழும் நீர் குடற்புண்ணைச் சென்றடையப் போவதுமில்லை. ஆயிரக்கணக்கானோர் குளிக்கும் நீரைக் குடித்தால் வேண்டாத கிருமிகள்தாம் உட்செல்லும்.

மங்குஸ்தானின் வழக்கு அப்படியன்று. சாரல் பருவத்தில் குற்றாலக் கடைகளில் குவிந்திருக்கும் அப்பழத்தின் கருஞ்சிவப்புத் தோல் விரல் தடிமன் உடையது, நகம் பட்டால் கையில் கறை பிடிக்கும் அளவுக்குத் துவர்ப்பு நிறைந்தது. அத்தோலை உலர்த்திப் பொடித்தோ கஷாயமிட்டோ பேதிக்குக் கொடுப்பது தென்கிழக்காசியா முழுவதும் உள்ள பழக்கம். துவர்ப்புப் பொருள்கள் சாதாரணப் பேதியைச் சற்றே கட்டுப்படுத்துவதும் நடக்கக்கூடியதே. தோலில் மிகுந்துள்ள ஆல்ஃபா மாங்கோஸ்டின் என்னும் வேதிப்பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டென்று ஆய்வகக் குடுவைகளில் கண்டறியப்பட்டதும், அது குடல் அழற்சிக்கு மருந்தென்ற பேச்சு எழுந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சுண்டெலிகளின் உணவில் கலந்து கொடுத்து, செயற்கையாகப் பெருங்குடல் அழற்சியை உண்டாக்கிப் பார்த்தபோது விளைந்தது நேர்மாறு: அழற்சி கடுமையாயிற்று, குடல் பாக்டீரியாக்களின் சமநிலையும் குலைந்தது. 2014இல் வெளியான இம்முடிவுக்கு மாறாக, மங்குஸ்தான் சாறு எலிகளுக்கு நன்மை செய்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. முடிவுகள் இப்படி முரணும் ஒரு பொருளை இரத்தம் போகும் நோயாளிக்குப் பரிந்துரைக்க எவர்க்கும் உரிமையில்லை. பழத்தின் வெண்சுளையை உண்பதற்கு இதனால் தடையேதும் இல்லை.

பாதி மெய் என்று சொல்லத்தக்கது பழைய சோற்றின் கதை. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன, அதுவே பெருங்குடல் உயிரணுக்களின் முதன்மை எரிபொருள். வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 48 காலரா நோயாளிகளிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உப்புச்சர்க்கரைக் கரைசலில் இத்தகைய செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தபோது பேதியின் அளவும் காலமும் குறைந்தன. ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது மக்காச்சோள மாவுச்சத்து, நோய் காலரா. பழைய சோறும் குடல் அழற்சி நோயும் அந்த ஆய்வில் இடம்பெறவே இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் மாநில அரசின் நிதியோடு பழைய சோற்றைக் குடல் நோயாளிகளிடம் சோதிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது வரவேற்கத்தக்கது. ஒரு நம்பிக்கையை மதிப்பதென்றால் அதைச் சோதனைக்கு உட்படுத்துவதுதான் முறை. மருந்தோடு சேர்த்து உண்ணத்தக்க நல்லுணவு என்ற அளவில் பழைய சோற்றுக்கு இடமுண்டு. மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்புவதற்கு இதுவரை சான்றில்லை.

ஆகவே, நான்கு வாரத்துக்குமேல் வயிற்றுப்போக்கு நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தொடர்ந்து போனாலோ, உறக்கத்தைக் கலைத்து இரவில் மலம் போக நேர்ந்தாலோ, மூலம் என்று தாமாகவே முடிவுகட்டாமல் திருநெல்வேலியிலோ மதுரையிலோ உள்ள குடல்நோய் மருத்துவரிடம் கொலனாஸ்கோபி செய்துகொள்ளுங்கள். முன்பு உண்ட டிபி மருந்தின் சீட்டையும், இப்போது உண்ணும் நாட்டு மருந்தின் பெயரையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.