குனிந்த முதுகும் கோணிய மனமும்

"முதலில் மனம் மாறட்டும், பழக்கம் பிறகு தானே மாறும்" என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: மனம் எங்கே வளர்கிறது? அன்றாடப் பழக்கத்திலன்றோ!

நம் பாட்டன் காலத்தில், ஆண்டையைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு அக்குளுக்கு இறங்கிற்று. காலில் கிடந்த செருப்பு கைக்கு ஏறிற்று. முதல்நாள் குனிய வைத்தது தடி. நாள்தோறும் குனிந்த பின்னரோ, தடி தேவைப்படவில்லை. தான் தாழ்ந்தவன் என்று முதுகே மனத்துக்குப் பாடம் சொல்லிற்று!

அமெரிக்க அறிஞர் வில்லியம் சேம்சு, 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் பழக்கத்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏழைகள் எழுந்திடாமல் செல்வரைக் காப்பது பழக்கமே என்றார். அவர் அதனைச் சமுதாயத்தின் காவல் என்றார். நாம் அதனை விலங்கு என்கிறோம்.

விலங்கு உடைந்த கதை கேளீர்! பொதுக் குளங்களை அனைவர்க்கும் திறந்திட 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் மகாட் நகராட்சியும் அவ்வாறே முடிவெடுத்தது. ஏட்டிலே உரிமை வந்தது. சவுதார் குளத்திலே தாழ்த்தப்பட்டோர் கை படவில்லை. அடிக்கு அஞ்சிய அச்சம் ஒருபுறம். தலைமுறைப் பழக்கம் மறுபுறம். 1927 மார்ச் 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மக்கள் திரளோடு சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். தாகத்துக்காகவா? இல்லை! 'நானும் மனிதன்' என்று கை மனத்துக்குக் கற்பித்தது. ஆதிக்கக்காரர் அடித்தனர், குளத்துக்குத் 'தீட்டு' கழித்தனர். எனினும், குடித்த கை மீண்டும் கூப்பவில்லை.

"நெடுநாட் பழக்கம் நீங்குமா?" என்று ஐயுறும் தோழனே! இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010இல் வெளியான ஆய்வைக் கேள்: உணவு, உடற்பயிற்சி போன்றவற்றில் புதுப்பழக்கம் ஊன்றிட ஏறத்தாழ 66 நாள் ஆயிற்று, சிலர்க்குப் பல மாதங்களும் பிடித்தன. இடையில் ஒருநாள் தவறியதால் முயற்சி பாழாகிவிடவில்லை.

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெயரின் வால் போயிற்று. வாயின் வழக்கம் போயிற்றா? தெருக் கூட்டும் முதியவரை 'வா, போ' என்கிறாயே, அந்த நாவைத் திருத்து! "எந்தத் தெரு?" என்று சாதியைத் துருவும் கேள்வியை விடு! அன்னை இறுதியில் உண்ணும் வீட்டில், அவளை முதலில் அமர்த்திப் பரிமாறு!

மேடையில் ஒருநாள் முழங்குவது எளிது. நாள்தோறும் நடந்து காட்டு. நாடு உன்னை நம்பும், நீயும் உன்னை நம்புவாய்!