அண்டி ஆபீஸ் வேலை கப்பல் ஏறுது!

தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் காலையில் தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் நடந்து போவார்கள். "எங்கே?" என்று கேட்டால், "அண்டி ஆபீசுக்கு" என்பார்கள். ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி என்று நினைக்க வேண்டாம். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைதான்!

கொல்லத்தில் இருந்து...

இந்தத் தொழில் முதலில் செழித்தது கொல்லத்தில். 1956 நவம்பர் 1-ந் தேதி வரை குமரியும் கொல்லமும் ஒரே மாநிலம். பிறகு கேரளத்தில் சங்கம் பலமானது, கூலி உயர்ந்தது. 1960-களிலும் 70-களிலும் முதலாளிகள் பலர் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். அதே கொட்டை, அதே வேலை. கூலி மட்டும் குறைவு!

வேலை லேசானது அல்ல. வறுத்த கொட்டையைத் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பருப்பு நொறுங்கினால் விலை போச்சு! ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு நிற்கும் ரகத்தைக் கண்பார்வையிலேயே பிரித்துப் போடுவார்கள்.

வியட்நாம் முந்தியது

இன்று அந்தக் கைகளுக்குப் போட்டி எந்திரம். எந்திரத்தை நம்பி இறங்கிய வியட்நாம், 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. கொட்டை விளையும் ஆப்பிரிக்க நாடுகளிலும் தொழிற்சாலைகள் எழும்புகின்றன.

மலிவைத் தேடி வந்த வேலை, அதைவிட மலிவைக் கண்டால் போகத்தான் செய்யும். ஆனால் 30 வருஷம் கொட்டை உடைத்த அக்கா எங்கே போவார்? பல வீடுகளில் மகளைப் படிக்க வைத்தது அந்தக் கறுத்த கைதான்.

எந்திரத்தைத் தடுக்க வேண்டாம். வெந்த கைக்கு அது நல்லதே. ஆனால் அதை ஓட்டும் வேலையை இந்தப் பெண்களுக்கே பழக்கிக் கொடுக்க வேண்டும். முதலாளிகளும் அரசும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம் இது.

ஏட்டில் பேர் உண்டா?

இன்னொன்று. 10 பேராவது வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு உழைத்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை சட்டப்படி உண்டு. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் உண்டு. ஆனால் ஏட்டில் பெயர் இருந்தால்தானே காசு கைக்கு வரும்?

"ஏட்டுல என் பேரு உண்டா?" இந்த ஒரு கேள்வியை அவர்கள் இன்றைக்கே கேட்கட்டும். கேட்டைப் பூட்டிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?