'நேரலை'ன்னு போட்டிருக்கா? ஒரு நிமிஷம் தேதியைப் பாருங்க!

வைகுண்ட ஏகாதசி அதிகாலை. ஸ்ரீரங்கத்தில் ரத்தினங்கி சாத்திக்கொண்டு நம்பெருமாள் பரமபதவாசலைக் கடக்கிறார். 'ரங்கா... ரங்கா' கோஷம் விண்ணைப் பிளக்கிறது. அதே நேரத்தில் அந்தக் கோஷம் துபாயில் இருக்கும் பேரனின் போனிலும் கேட்டால், அதுதான் 'நேரலை'.

நேர் + அலை. நடக்கும்போதே அலைவழியே நம்மிடம் வந்து சேர்வது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கப்பட்டது. வானொலி காலத்துக்காரர்களுக்கு இது 'நேரடி ஒலிபரப்பு'. டி.வி என்றால் 'ஒளிபரப்பு'. லி-யா, ளி-யா என்ற குழப்பமே இல்லாமல் இரண்டுக்கும் பொருந்துகிறது நேரலை.

நேர்முக வர்ணனையும் இதுவும் ஒன்றா? இல்லை. நடப்பதை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சொல்வது வர்ணனை. நடக்கும்போதே அது நம்மை வந்தடைவது நேரலை.

போனில் சில விநாடிகள் தாமதமாக வரலாம். பரவாயில்லை, அதுவும் நேரலைதான். காலையில் எடுத்ததை மாலையில் போட்டால் அது 'பதிவு'. ஏற்கெனவே வந்ததைத் திரும்பப் போட்டால் 'மறு ஒளிபரப்பு'.

சிக்கல் எங்கே என்றால், நேரலை முடிந்த பிறகும் அந்த வீடியோ யூடியூபிலேயே இருக்கும். தலைப்பில் 'நேரலை' என்ற சொல்லும் அப்படியே இருக்கும்!

கோயில் விழாவை அடுத்த வருஷம் பார்த்தாலும் புண்ணியம்தான். காவிரி வெள்ளம் அப்படியில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்க மதகுகள் உடைந்தன. இப்போது அங்கே புதிய கதவணையே வந்துவிட்டது. ஆனால், அந்தப் பழைய வீடியோவை யாராவது இன்று ஃபேமிலி குரூப்பில் 'நேரலை' என்று தட்டிவிட்டால்? கரையோரத்தில் இருப்பவர்கள் பதறிப்போவார்கள். இதுவே தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. தண்ணீர் குறைவாக ஓடும் பழைய காட்சியை நம்பி, அம்மா மண்டபம் படித்துறையில் ஒருவர் இறங்கிவிடலாம்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வெள்ள வீடியோ வந்தால் முதல் கேள்வியே, 'இது எப்போ எடுத்தது?' என்பதுதான். நீங்களும் கேளுங்கள். உண்மையான நேரலை என்றால் யூடியூபில் 'லைவ்' என்ற சிவப்பு அடையாளமும், இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணும் இருக்கும். முடிந்துபோனது என்றால் எப்போது ஒளிபரப்பானது என்ற குறிப்பு இருக்கும். பழைய வீடியோவையே சிலர் 'லைவ்' என்று ஓட்டுவதும் உண்டு. அதனால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதுவரை ஃபார்வர்டு பட்டனில் கை வைக்க வேண்டாம்!