விலை சரிந்தது, கடன் சரியவில்லை: திருவிதாங்கூரின் 1930-களும் இன்றைய கேரளச் சேமிப்பும்

திருவனந்தபுரம்: கோட்டைப் பகுதிக்கு அருகே, வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்துள்ள ஸ்ரீவராகத்தில், தலைநகரின் பிற பழைய குடியிருப்புகளைப் போலவே, நடுத்தரக் குடும்பங்களின் வாழ்க்கை அரசு ஊதியம், ஓய்வூதியம், சாலைக் கடைத்தெரு வணிகம், வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் ஆகியவற்றைச் சார்ந்துள்ளது. உலகச் சந்தையின் எங்கோ ஒரு மூலையில் ஏற்படும் சரிவு இத்தகைய வீடுகளுக்குள் எந்த வழியாக நுழைகிறது? பொருளாதார மந்தம் குறித்த ஒவ்வோர் எச்சரிக்கையின்போதும் எழும் இக்கேள்விக்கு, இதே மண்ணின் 1930-களில் தெளிவான விடை உண்டு.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது, திருவிதாங்கூரில் பங்கு வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் சுமார் 51 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்தச் சமஸ்தானம், அதற்கு முன்பே உலகச் சந்தையுடன் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. கொப்பரை, கயிறு, மிளகு, தேயிலை, ரப்பர் ஆகியவற்றை விற்று, உண்பதற்கான அரிசியில் பெரும் பகுதியைப் பர்மாவிலிருந்து வாங்கிய பொருளாதாரம் அது. வாங்குவோர் இல்லாத நிலையில் ஏற்றுமதிப் பயிர்களின் விலை முதலில் விழுந்தது. அடுத்து நெல்லின் முறை.

கல்கத்தா மொத்த விலைக் குறியீடு, 1914-ஐ 100 எனக் கொண்டால், 1929-ல் 141 ஆக இருந்தது. 1933-ல் 87 ஆகக் குறைந்தது. இதை ஒரு விவசாயியின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 1929-ல் விளைச்சலை 141 ரூபாய்க்கு விற்றவர், அதே அளவு விளைச்சலுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து 87 ரூபாய் பெற்றார். ஆனால் 1929-ல் அவர் வாங்கிய 100 ரூபாய் கடன் 100 ரூபாயாகவே நின்றது. வட்டியும் நிலவரியும் பணமாகவே கேட்கப்பட்டன. முன்பு விளைச்சலை விற்றுக் கடனை அடைத்த பின்னும் கையில் 41 ரூபாய் மிஞ்சியிருக்கும். இப்போது முழு விளைச்சலையும் கொடுத்தாலும் 13 ரூபாய் பாக்கி. அவர் கூடுதலாக ஒரு பைசாவும் கடன் வாங்கவில்லை. இருந்தும் அவருடைய கடன் வளர்ந்துவிட்டது.

பணவாட்டம் எனப் பொருளியலாளர்கள் குறிப்பிடும் இந்த நிகழ்வே, சந்தைச் சரிவைக் குடும்பத் துயரமாக மாற்றிய கருவி. 1956 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்து, அச்சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாடு இதன் முழு வீச்சையும் சந்தித்தது. பர்மாவிலிருந்து மலிவாக வந்த அரிசி, உள்ளூர் நெல்லின் விலையையும் உடன் இழுத்துச் சென்றது. அந்தப் பர்மாவிலும் விவசாயி தப்பவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைவசம் இருந்த நிலம் 1930-ல் சுமார் 6 சதவீதம். 1930-களின் இறுதியில் சுமார் 25 சதவீதம். நிலத்தை வாங்கிக் குவிக்கும் திட்டம் அவர்களிடம் இருந்ததாகக் கூற இயலாது. கொடுத்த கடன் பணமாகத் திரும்பாததால், ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. கடன் கொடுத்தவர் விரும்பாத நிலமும், வாங்கியவர் இழந்த நிலமும் ஒன்றே. அதன் அரசியல் விளைவைப் பர்மா வாழ் தமிழர்கள் பின்னர் அனுபவித்தனர்.

இதே ஆண்டுகளில் இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. மலேயாவிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் திரும்பி வந்த கிராமங்களிலும் வேலை இல்லை.

எனினும், மந்தம் எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத ஓர் உண்மை. தலைநகரில் மாத ஊதியம் பெற்றவருக்கு அரிசியும் தேங்காயும் மலிவாகக் கிடைத்தன. வேலை நிலைத்திருந்த வரையில் அவருடைய ரூபாயின் மதிப்பு உயர்ந்தது என்றே கூற வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1931-ல் அரசு ஊழியர்களின் ஊதியம் 10 சதவீதம் குறைக்கப்பட்ட பின்னரும், விலைகள் அதைவிட அதிகமாக விழுந்திருந்தன. பட்டம் பெற்று வேலை தேடிய அவருடைய மகனின் நிலை வேறு. படித்தவர்களிடையே வேலையின்மை பெருகியதை ஆராய, மந்தம் தொடங்கும் முன்பே திருவிதாங்கூர் அரசு ஒரு குழுவை அமைக்க நேர்ந்திருந்தது. ஆலப்புழையின் கயிற்றுத் தொழிற்சாலைகளில் கூலி வெட்டப்பட்டது. அங்கு திரண்ட அதிருப்தி 1938-ல் பொது வேலைநிறுத்தமாக வெடித்தது.

குடும்பங்கள் முதலில் நாடியது தங்கத்தை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் உடன் இறங்கியதால், ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. வட்டிக்கும் வரிக்கும் வழியின்றி, பெண்களின் நகைகள் இந்தியா முழுவதும் விற்கப்பட்டு, உருக்கப்பட்டு, லண்டனுக்குச் சென்றன. ஏற்றுமதிக்குத் தடை விதிக்கக் கோரிக்கை எழுந்தும் அரசு இணங்கவில்லை. பேரேட்டில் ஏற்றுமதி வருவாய் எனப் பதிவானது, வீடுகளில் கடைசிச் சேமிப்பின் இழப்பாக இருந்தது.

நகைக்கு அடுத்த அரண் வங்கி. மந்தத்தின் கடுமையான ஆண்டுகள் கடந்துவிட்டதாகக் கருதப்பட்ட வேளையில் அதுவும் உடைந்தது. கே.சி. மம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் சி.பி. மாத்தனின் கொல்லம் வங்கியும் 1937-ல் இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயின. 1938-ல் வைப்புதாரர்கள் திரண்டு வந்து பணத்தைத் திரும்பக் கேட்டபோது அவ்வங்கி கதவை மூடியது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகையே காரணம் என ஒரு தரப்பும், நிர்வாகக் குறைபாடே காரணம் என மறுதரப்பும் வாதிட்டன. நிறுவனர்கள் இருவரும் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றனர். எந்தத் தரப்பு வாதம் சரியாக இருந்தாலும், வரிசையில் நின்ற வைப்புதாரருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. 1935-ல் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கிக்கு, வங்கிகளை விரிவாக மேற்பார்வையிடும் அதிகாரத்தை 1949-ன் சட்டமே வழங்கியது.

அதன் பின்னரும் வைப்புத்தொகைக்குப் பாதுகாப்பு உருவாக, மற்றொரு கேரள வங்கி வீழ வேண்டியிருந்தது. 1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதைத் தொடர்ந்து, 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒரு வைப்புதாரருக்கு 1,500 ரூபாய் வரை உறுதியளிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் இந்த வரம்பு 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இன்றைய கேரளம் கொப்பரைக்குப் பதிலாக உழைப்பை ஏற்றுமதி செய்கிறது. கேரளப் புலம்பெயர்வு ஆய்வு 2023-ன் மதிப்பீட்டின்படி, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றோர் சுமார் 22 லட்சம் பேர்; அவர்கள் அனுப்பிய தொகை ஏறத்தாழ 2.17 லட்சம் கோடி ரூபாய். 2020-ல் பெருந்தொற்றின்போது லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திரும்பியது, இந்த வருவாய் எவ்வளவு விரைவில் நின்றுபோகக்கூடும் என்பதைக் காட்டியது. அண்டை நாடான இலங்கையில் 2022-ல் நெருக்கடி எதிர்த்திசையில் வந்தது. அங்கு விலைகள் விழவில்லை. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. ஆனால் சேமிப்பு கரைந்தது, உணவு குறைந்தது. உலக வங்கியின் கணிப்பில், வறுமை ஓராண்டில் சுமார் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏறியது.

அத்தகைய நாளுக்கென்று கேரளக் குடும்பங்கள் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி, உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கிறது. சற்றுக் கூடுதல் வட்டி, அறிந்த முகங்கள், நடந்து செல்லும் தொலைவு ஆகியவை அதற்குக் காரணங்கள். இவற்றுள் பல, பெயர்ப்பலகையில் வங்கி என்று குறிப்பிட்டாலும், சட்டப்படி தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களே. வைப்புத்தொகைக் காப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது என்பதை ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது. மாநில அரசின் உத்தரவாத நிதி தனியாக உள்ளது. எனினும் திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூரிலும், திருவனந்தபுரம் மாவட்டத்தின் கண்டலாவிலும் சங்கங்கள் முறைகேட்டுப் புகார்களில் சிக்கியபோது, மருத்துவச் செலவுக்கும் மகள் திருமணத்துக்கும் சேர்த்த பணத்தைக் கேட்டு வைப்புதாரர்கள் மீண்டும் வாசலில் நின்றனர். அப்போது நாட்டில் மந்தநிலை ஏதும் இல்லை.