பெயர் தெரிந்தால் போதுமா?

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 2008-ல் வெளிவந்த 'செயின்ஸ்' நாவலை அமெரிக்கப் பள்ளிகள் பல பாடமாக வைத்திருக்கின்றன. களம் 1776-ன் நியூயார்க். விடுதலைப் போர் சூழ்ந்த அந்நகரில் இசபெல் என்ற அடிமைச் சிறுமியும் தங்கை ரூத்தும் விலைக்கு வாங்கப்பட்டு வேலை செய்கிறார்கள்.

இதைப் படித்த மாணவரிடம் எஜமானரின் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்பது நினைவாற்றலைத்தான் அளக்கும்.

கேட்க வேண்டியது வேறு. புரட்சியாளர்களுக்காக இசபெல் உளவு சொன்னாள். அவர்கள் ஏன் அவளுக்கு விடுதலை பெற்றுத் தரவில்லை? மறுபுறம், 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என அறிவித்தார். மன்னருக்கு விசுவாசமானவர்களின் அடிமைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இசபெல்லின் எஜமானர்கள் விசுவாசிகள். இதை இணைத்துப் பார்க்கும் மாணவருக்கே அவளுடைய இக்கட்டு முழுதாகப் புரியும்.

கற்பனையையும் வரலாற்றையும் பிரித்தறியவும் பழக்க வேண்டும். இசபெல் கற்பனை; 1776 செப்டம்பரில் நியூயார்க்கைச் சுட்டெரித்த பெருந்தீ உண்மை. சுதந்திரப் பிரகடன வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பகுதி நீக்கப்பட்டதும் உண்மை. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை ஒழிய 1827 வரை ஆயிற்று.

எனவே தேர்வுத்தாளில் ஒரு விரிவான கேள்வியேனும் இடம்பெறட்டும்: இசபெல் எந்தத் தரப்பை நம்பியிருக்கலாம்? விடைகள் மாறுபடலாம். நாவலிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் மாணவர் தரும் சான்றுகளுக்கே ஆசிரியர்கள் மதிப்பெண் வழங்க வேண்டும்.