சலுகை வேறு, சுதந்திரம் வேறு

அச்சமின்றி வீதியில் நடக்கலாம். மனத்திற் பட்டதைப் பேசலாம். நள்ளிரவில் எவரும் வந்து கதவைத் தட்டமாட்டார். டென்மார்க்கில் வாழும் எம்மவர் பலர் சுதந்திரம் என்பதற்கு இவ்வளவே பொருள் கொள்கின்றனர். 1979ஆம் ஆண்டில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை இயற்றி, குற்றச்சாட்டு எதுவுமின்றியே மனிதரைப் பதினெட்டு மாதங்கள்வரை தடுத்துவைத்த நாட்டிலிருந்து வந்தோருக்கு இது சிறிய பேறன்று. ஆயினும் இதன் பெயர் நிம்மதி. ஆள்வோர் நல்லவராயிருந்தால் நிம்மதி கிட்டும்; அவர் மனம் மாறினால் அதுவும் போய்விடும். சுதந்திரம் அத்தகையதன்று.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. டெனிஷ் அரசியல் வரலாற்றில் 'தமிழர் வழக்கு' என்றே பெயர்பெற்ற விவகாரம் ஒன்றுண்டு. புகலிடம் பெற்ற அகதி தன் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்வதை 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உரிமையாக்கியிருந்தது. 1987இல் நீதியமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை நிறுத்திவைக்கப் பணித்தார். சட்டம் திருத்தப்படவில்லை, கோப்புகள் மட்டும் அசையாது கிடந்தன. கணவன் இங்கும், மனைவி மக்கள் போர் நடக்கும் மண்ணிலுமாக நாட்கள் கழிந்தன.

1989இல் பாராளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன் இதனைச் சட்டத்துக்கு முரணானது என்றார். தொடர்ந்து, நீதியரசர் மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட் நடத்திய விசாரணையின் அறிக்கை சுமார் 6,000 பக்கங்களுக்கு விரிந்தது. எதுவும் மறைக்கப்படவில்லை என்று பாராளுமன்றத்தில் கூறியிருந்த பிரதமர் போல் ஷ்லூட்டர், 1993 ஜனவரி 14ஆம் நாள் பதவி துறந்தார். அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம், 1910க்குப் பின் முதன்முறையாகக் கூடி, 1995 ஜூனில் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

அந்த அகதிகளுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை, செல்வமில்லை, டெனிஷ் மொழியும் சரிவரத் தெரியாது. ஆயினும் 'எந்தச் சட்டத்தின்படி இதைச் செய்தீர்?' என்ற வினாவுக்கு அமைச்சர் விடையிறுக்க வேண்டியதாயிற்று. கீழே நிற்பவன் சார்பில் எழும் வினாவுக்கு மேலே அமர்ந்திருப்பவன் பதில்சொல்லக் கடமைப்பட்டிருப்பதே சுதந்திரம். அது எவரும் இரங்கித் தந்த சலுகையன்று.

அது ஒருமுறை நிலைநாட்டப்பட்டால் என்றென்றும் நிலைத்திருக்குமென்று நம்புவதும் பேதைமை. அகதிகளுள் ஒரு பிரிவினர் குடும்பத்தை அழைக்க மூன்றாண்டுகள் காத்திருக்கவேண்டுமென்று டென்மார்க் பின்னர் சட்டமே இயற்றியது. சிரிய அகதி ஒருவரின் வழக்கில், அது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியதென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், புகலிடம் கோரிய இளந்தம்பதியரைச் சட்டவிரோதமாகப் பிரித்துவைக்கப் பணித்தமைக்காக, முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பெர்க் அறுபது நாட் சிறைத்தண்டனை பெற்றார்.

1987இல் தமிழர் இருந்த வரிசையில் இன்று வேறு இனத்தார் நிற்கின்றனர். எம்மவருள் பலர் இன்று டெனிஷ் குடிமக்கள். கையில் வாக்குச்சீட்டு உண்டு. 'இவர்கள் ஏன் இங்கு வருகிறார்கள்?' என்று எம்மவர் சிலரே முணுமுணுப்பது செவியில் விழுகின்றது. அன்று எமக்காக வினா எழுப்பிய டெனிஷ் மக்கள் இவ்வாறு எண்ணியிருப்பின், எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இன்று ஒரு கூரையின்கீழ் இருந்திருக்கும்?

எமது சங்கங்களுக்கும் இதே அளவுகோல்தான். கணக்குக் கேட்பவனைத் துரோகி என்று தள்ளிவைக்கும் மன்றத்தில், மேடையில் எத்தனைமுறை விடுதலை என்று முழங்கினாலும், சுதந்திரம் இல்லை.